ஏரித் தண்ணி போய்ச் சேருற இடம்

பெப். 10, செவ்வாய்

சினோப் பனி கொட்டுது. விடியத் தொடங்கினது இன்னும் நிக்கேல்லை. -16. பஸ் பிந்தி. வேலைக்கு 20 நிமிசம் லேட். சுப்பவைசர் ஒண்டும் சொல்லேல்லை. நாளையிலையிருந்து எனக்கு ஒரு கிழமை லீவு எண்டதாலை முகத்தைச் சிரிச்ச மாதிரி வைச்சுக் கொண்டு நிண்டா.

14 ரூம். அதிலை 6 செக் அவுட். 412-இலை ஒரு சோடி, புதுசாக் கலியாணம் கட்டினதுகள். ஆக்களைக் காணேல்லை, கட்டிலைப் பாத்தன், அது போதும். பதினொரு வருசமா ஹொட்டேலிலை கட்டில் போடுறன். ஆர் எந்தப் பக்கம் படுத்தது, ஆர் முதல் எழும்பினது, கோவமோ சமாதானமோ, எல்லாம் பெட்சீற்றிலை கிடக்கும். கோவிச்சுக் கொண்டு படுத்ததுகள் எண்டால் நடுவிலை ஒரு சுருக்கமும் இராது. அயன் பண்ணி விட்ட மாதிரிக் கிடக்கும்.

எங்கடை வீட்டுக் கட்டிலிலை ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தான் கசங்கும். இரவிலை என்ரை பக்கம். பகலிலை இவற்றை பக்கம். எங்கடை பெடியன், சின்னவன், போய்ப் பதினாலு மாசம். பதின்மூண்டு மாசமா இவர் பாண் ஃபக்டரியிலை நைற் ஷிஃப்ற். தானாக் கேட்டு மாறினவர். நான் வேலையாலை வர இவர் சப்பாத்துப் போட்டுக் கொண்டு நிப்பார்.

"சாப்பிட்டீங்களோ?"
"ஓம். கதவைப் பூட்டும்."

ஒரு நாளைக் கதை அவ்வளவுதான்.

கொண்டு போக:
பாஸ்போட் 2. ரிக்கற் (தர்சி பிறின்ற் எடுத்துத் தந்தது)
இவற்றை பிறெஷர்க் குளிசை, என்ரை சீனிக் குளிசை
சுடிதார் 4. சீலை 1 (வேணுமோ?)
கால் நோவுக்கு எண்ணெய்
மோர்மிளகாய், ஊறுகாய், அரிசி 1 கிலோ
சின்ன றைஸ் குக்கர் (தர்சிக்குச் சொல்லக் கூடாது)
சின்னவன்ரை படம், சின்னன், பேர்ஸுக்குள்ளை
அந்தக் கதை

ஆறு மணிக்குத் தர்சி போன் அடிச்சாள். மகள். கலியாணம் முடிச்சு அஜக்ஸிலை இருக்கிறாள். உந்தப் பயணம் எல்லாம் அவளின்ரை ஏற்பாடு. டொமினிக்கன் எண்டு ஒரு தீவு. எங்கடை 31ஆவது கலியாண நாளுக்காம்.

"அம்மா, றைஸ் குக்கர் வைச்சீங்களோ?"
"இல்லை."
"அம்மா. ஐ நோ யூ."
"சின்னன்தான் பிள்ளை, ஒரு மூலையிலை கிடக்கும்."
"எல்லாம் இன்க்லூடட் அம்மா. சாப்பாடு, ஜூஸ், எவ்ரிதிங். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. ஜஸ்ற் சும்மா இருங்கோ."

எனக்குச் சும்மா இருக்கத் தெரிஞ்சால் ஏன் இப்பிடி.

பிறகு, "அஜக்ஸிலையும் கொட்டுது அம்மா. அண்டைக்கு மாதிரி. நான் அவனை மறிச்சிருக்க வேணும்." சினோ கொட்டுற நாளெல்லாம் உதைத்தான் சொல்லுறாள். நான் ஒண்டும் சொல்லேல்லை. இண்டைக்கும் சொல்லேல்லை.

எழுதியாவது வைக்கிறன். இந்தக் கொப்பி ஆரோ ரூமிலை விட்டிட்டுப் போனது. ஆரும் வந்து கேக்கேல்லை. இதை ஆர் வாசிக்கப் போகினம்.

அண்டைக்குச் சின்னவன் தமக்கை வீட்டை புது அலுமாரி ஒண்டு பொருத்திக் குடுக்கப் போனவன். சினோ கூடிப் போச்சு, நிண்டு விடியப் போ எண்டு தர்சி சொல்லியிருக்கிறாள். அவனும் ஓமெண்டு சொக்ஸைக் கழட்டிப் போட்டு ரீவிக்கு முன்னாலை இருந்தவனாம். தர்சி மேலை குளிக்கப் போனவள், இறங்கி வர இவன் ஜக்கற்றும் போட்டு நிக்கிறான். "எனக்கு வீட்டை போக வேணும்" எண்டானாம்.

அவள் குளிச்ச நேரத்துக்கைதான் நான் போன் அடிச்சனான். 6.10. இடியப்பம் அவிச்சிருக்கு, சொதி வைச்சிருக்கு, ஆற முதல் வா எண்டு. சினோ எண்டு சொன்னவன். அந்தளவு சினோ இல்லை, மெல்ல வா எண்டன். ஒரு நாள் அவன் வீட்டிலை இல்லாட்டி எனக்கு விசர் பிடிக்கும். "சரி அம்மா, வாறன்."

401 ஹைவே. லொறி. 23 வயசு.

அந்தப் போன் கதை ஒருத்தருக்கும் தெரியாது. தர்சிக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. இவருக்குச் சொல்ல வேணும். சொன்னால் பேந்து என்ரை முகத்திலை முழிப்பாரோ தெரியாது. சொல்லாமல் ஏழு நாள் ஒரு அறைக்குள்ளை ரெண்டு பேரும் எப்பிடி இருக்கிறது. வீட்டிலை எண்டால் ஷிஃப்ற் காப்பாத்துது.

அலாரம் 4.45.

பெப். 11, புதன். எயாப்போட்

சினோ விட்டிட்டுது. சரியான குளிர். மருமோன் கொண்டு வந்து விட்டவர்.

சாமான் செக் பண்ணுற இடத்திலை எங்கடை பை மட்டும் மற்றப் பக்கம் போயிட்டுது. யூனிபோமோடை நிண்டது ஒரு தமிழ்ப் பிள்ளை. திறந்து பாத்திட்டு என்னைப் பாத்தாள்.

"அன்ரி, ஹொலிடேக்கோ போறியள்?"
"ஓம் பிள்ளை."
"றைஸ் குக்கரோடை?"
"இவருக்குச் சோறில்லாட்டி ஏலாது."
"எனக்கோ?" எண்டார் இவர் பின்னாலை நிண்டு. "நான் கேட்டனானோ உதை?"
"விடுங்கோ அங்கிள். போன கிழமை ஒரு அன்ரி இடிக்கிற உரல் கொண்டு போனவ. போயிட்டு வாங்கோ."

பிளேனிலை யன்னல் சீற் எனக்குத் தந்தவர். எழும்பி ஒரு வளையம் அடிக்க ஏரி தெரிஞ்சது. கரையெல்லாம் வெள்ளை. நடு கறுப்பு. சின்னவன்ரை சாம்பல் அதுக்குள்ளைதான். முப்பத்தோராம் நாள் காரியம் செய்த அண்டு இவற்றை ஒண்டுவிட்ட அக்கா எல்லாருக்கும் முன்னாலை சொன்னவ, "கடலிலையெல்லோ கரைக்க வேணும், ஏரியிலை கரைச்சால் நிண்ட தண்ணி, பிள்ளை அங்கையே கிடக்கும்" எண்டு. அண்டைக்கு எனக்கு அழக்கூட வரேல்லை. அந்தச் சொல்லு மட்டும் போய் நெஞ்சுக்குள்ளை இருந்திட்டுது. ஏரிப் பக்கம் பஸ் போனாலும் மற்றப் பக்கம் திரும்பி இருப்பன்.

இவர் கீழை பாக்கேல்லை. முன் சீற்றிலை பூட்டியிருக்கிற சின்ன ரீவியிலை உலகப் படத்தைப் போட்டு, பிளேன் போற கோட்டையே பாத்துக் கொண்டிருந்தார். நாலு மணித்தியாலமும் அதுதான். எனக்கு உந்தப் படம் பாக்கத் தெரியாது. எட்டாம் வகுப்போடை நிண்டது படிப்பு.

ஒருக்கா, "எவ்வளவு தூரம் இன்னும்?" எண்டு கேட்டன்.
"இறங்கேக்கை சொல்லுறன்."
"ஆர் சொல்லாட்டிலும் இறங்கேக்கை எனக்குத் தெரியும்தானே."
இவற்றை வாய் ஒரு பக்கம் கொஞ்சம் அசைஞ்ச மாதிரிக் கிடந்தது.

அதே நாள், பின்னேரம் 4.30

29 டிகிரி. பிளேனாலை இறங்க, பாண் வேகுற போறணைக்குள்ளை கால் வைச்ச மாதிரி. ரெண்டு பேரும் ஸ்வெற்றர், ஜக்கற், பூட்ஸ். இவர் உள்ளுக்கு ஒரு நீளக் காற்சட்டை வேறை. எயாப்போட் பாத்றூமிலை போய்க் கழட்டிப் பைக்குள்ளை திணிச்சுக் கொண்டு வந்தார்.

ஹொட்டேல் வாசலிலை கையிலை ஒரு மஞ்சள் பட்டி போட்டு விட்டவை. போகுமட்டும் கழட்டக் கூடாதாம். "ஆசுப்பத்திரி மாதிரி" எண்டார் இவர். சொல்லிப் போட்டுத் தானே வாயை மூடிக் கொண்டார்.

கவுண்டரிலை நிண்ட பெட்டை ஜூஸ் தந்து "ஹப்பி அனிவேர்சரி" எண்டாள். தர்சி ஃபோமிலை எழுதியிருக்கிறாள். இவர் நிலத்தைப் பாத்து "தாங்யூ". நானும் நிலத்தைப் பாத்து "தாங்யூ".

ரூம் மூண்டாம் மாடி. யன்னலுக்கு நேரை கடல். கட்டில் ஒண்டுதான். பெரிசு. மேலை சிவப்புப் பூவிதழ் தூவி, வெள்ளைத் துவாயிலை ரெண்டு அன்னம் செய்து, மூக்கோடை மூக்கு முட்ட வைச்சிருந்தது.

ரெண்டு பேரும் கதவடியிலை நிண்டு பாத்துக் கொண்டு நிண்டம்.

எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாட்டிக் கை தன்ரை பாட்டிலை வேலை செய்யும். போய்ப் பெட்சீற்றை இழுத்தன். பூவெல்லாம் நிலத்திலை, அன்னம் ரெண்டும் குலைஞ்சு போச்சு. மெத்தை மூலையைத் தூக்கிப் போன் லைற் அடிச்சுப் பாத்தன்.

"என்னப்பா செய்யிறீர்?"
"மூட்டைப் பூச்சி."
"நாங்கள் லீவிலையெல்லோ வந்திருக்கிறம்."
"மூட்டைப் பூச்சிக்கு லீவில்லை."

மூட்டைப் பூச்சி இல்லை. துப்புரவான இடம். ஆனாலும் தொடங்கினது தொடங்கினதுதான். கட்டிலை முழுக்க அவிட்டு, திருப்பிப் போட்டன். மூலை மடிப்பு என்ரைதான் திறம், பொய் சொல்லக் கூடாது. பாத்றூம் பைப் துடைச்சன். கண்ணாடி துடைச்சன். பூவிதழ் பொறுக்கிக் கிளாசுக்குள்ளை போட்டன். இவர் ரெண்டு சூட்கேசையும் பிடிச்சுக் கொண்டு நிண்ட இடத்திலையே. பிறகு ஃபிறிட்ஜைத் திறக்கப் போனார். நான் மறிச்சுப் போட்டன்.

"தொடாதேங்கோ. ஒரு தண்ணிப் போத்தல் எடுத்தாலும் பில்லிலை வரும். நான் எத்தினை பேர் பாத்திட்டன்."
"எல்லாம் அடக்கம் எண்டு பிள்ளை சொன்னவள்."
"எல்லா ஹொட்டேலிலையும் உப்பிடித்தான் சொல்லுவினம்."

கேத்திலிலை தண்ணி கொதிக்க வைச்சு, ஆறுமட்டும் பாத்துக் கொண்டிருந்தம். 29 டிகிரியிலை சுடுதண்ணி. இவர் பல்கனிக் கதிரையிலை போய் இருந்திட்டார். அங்கையே படுக்கிற யோசினையோ தெரியாது, கதிரையைச் சாய்ச்சு நிமித்திப் பாத்தவர்.

அன்னம்தான் பிழைச்சுப் போச்சு. எங்கடை ஹொட்டேலிலை உதெல்லாம் செய்யிறேல்லை. துவாய் துவாயாத்தான் கிடக்கும். மூண்டு தரம் மடிச்சுப் பாத்தன். சப்பாத்து மாதிரி ஒண்டு வந்தது. கட்டிலிலை வைச்சன்.

இவர் எட்டிப் பாத்தார். "உது என்ன, நாயோ?"
"அன்னம்."
"அன்னத்துக்குக் காது இருக்கே?"

சிரிச்சவர். பல்லுத் தெரிய. மேல்வரிசையிலை ஒரு பல்லுக் கழண்டிருக்கு. எப்ப கழண்டது எண்டு எனக்குத் தெரியாது.

அதே நாள், 5.20

ஒண்டு எழுத வேணும், மறக்க முதல்.

கதவு தட்டி, இந்த ரூம் செய்யிற மனுசி வந்தவ. தண்ணிப் போத்தல் வைக்க. நெஞ்சிலை பேர் குத்தியிருக்கு, மரீசா எண்டு. தர்சி மாதிரி ஆரும் வாசிச்சால் வேறை மாதிரி வருமோ தெரியாது. என்ரை வயசு இருக்கும். கட்டிலைப் பாத்திட்டு முகம் மாறிப் போச்சு. பூ இல்லை. அன்னம் இல்லை. ஒரு நாய்.

"நோ லைக்?" எண்டா. "நோ குட்?"

பயந்திட்டா. ரூம் பிடிக்கேல்லை எண்டு கீழை போய்ச் சொல்லிப் போட்டால் என்ன நடக்கும் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். என்ரை இங்கிலீஸும் அவவின்ரை இங்கிலீஸும் ஒரே அளவு. "குட், குட். மீ ஆல்சோ" எண்டு சொல்லிக் கட்டிலைக் காட்டினன், பாத்றூமைக் காட்டினன், என்னைக் காட்டினன். விளங்கேல்லை. கையை நீட்டினன். கிளீனிங் மருந்துத் தண்ணி பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் உரிஞ்சு கிடக்கிற கை.

அவ என்ரை கையைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தா. தன்ரை கையைப் பக்கத்திலை வைச்சா. அதே உரிவு, அதே இடம். பேந்து சிரிக்கத் தொடங்கினா. வயித்தைப் பிடிச்சுச் சிரிப்பு. லீவிலை வந்தும் ரூம் செய்யிற விசரி எண்டு ஸ்பானிசிலை சொல்லியிருப்பா.

அன்னம் காட்டித் தந்தவ. பெரிய துவாயை விரிச்சு, ஒரு கரையின்ரை ரெண்டு மூலையையும் நடுவுக்குக் கொண்டு வந்து கூர் எடுக்க வேணும். பிறகு ரெண்டு பக்கமும் இறுக்கிச் சுத்திக் கொண்டு நடுவுக்கு. கூர்ப் பக்கத்தை மடிச்சு வளைச்சால் கழுத்து. இறுக்கிச் சுத்தாட்டிக் கழுத்து விழும். நான் இளக்கமாச் சுத்தினதுதான் பிழை.

ஃபிறிட்ஜைத் திறந்து தண்ணியை எடுத்து இவற்றை கையிலையே குடுத்தா. "ஃபிறீ. ஆல் ஃபிறீ." இவர் என்னைப் பாத்த பார்வை. ஒரே இழுவையிலை போத்தல் முடிஞ்சுது.

போகேக்கை கேட்டா, "கிட்ஸ்?" தனக்கு மூண்டு விரல் காட்டினா.

வேலையிலை புது ஆக்கள் ஆரும் கேட்டால் நான் ஒண்டு எண்டுதான் சொல்லுறனான். கேள்வி நீளக் கூடாது. இண்டைக்கு என்ரை கை ரெண்டு விரலைக் காட்டிப் போட்டுது.

"கனடா?"
"வன், கனடா." மற்றதுக்குச் சொல்லு வரேல்லை. பேர்ஸைத் திறந்து படத்தைக் காட்டினன். அவ படத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா. நெத்தியிலையும் நெஞ்சிலையும் சிலுவை போட்டா. என்ரை தோளிலை கையை வைச்சுக் கொஞ்ச நேரம் நிண்டா. தள்ளுவண்டி வெளியிலை, இன்னும் எத்தினை ரூம் கிடக்கோ அவவுக்கு. ஆனாலும் நிண்டா.

அவ போன பிறகு திரும்பிப் பாக்கிறன், இவர் பல்கனிக் கதவடியிலை. எல்லாம் கேட்டிருக்கிறார்.

"ஃபக்டரியிலை கேட்டால் நான் ஒண்டு எண்டு சொல்லுறனான்," எண்டார்.
"நானும்தான்."
"ரெண்டெல்லோ."
"ஓம். ரெண்டுதான்."

பேந்து, "கடலடிக்குப் போவமோ, வெயில் இறங்கீட்டுது" எண்டு கேட்டார். செருப்பு மாத்திக் கொண்டிருக்கிறார். அங்கை சொல்ல வேணும். இண்டைக்குச் சொல்லாட்டி இனிச் சொல்ல மாட்டன்.

அதே நாள், 7.15. சாப்பாட்டுக்குப் போக முதல்

தலை ஈரம். இவர் குளிக்கிறார். தண்ணிச் சத்தம் நிக்க முதல் எழுத வேணும்.

கடற்கரையிலை சனத்துக்கு உடுப்பெண்டு சொல்ல ஒண்டுமில்லை. நான் சுடிதார், சால் வேறை. இவர் நீளக் காற்சட்டையை முழங்காலுக்கு மடிச்சு விட்டுக் கொண்டு, மண்ணை மட்டும் பாத்து நடந்தார். "காசு விழுந்து கிடக்கோ?" எண்டு கேட்டன். "பேசாமல் வாரும்." காது சிவந்து போச்சு.

சனம் குறைஞ்ச இடமாப் போய் இருந்தம். தண்ணி நீலமும் பச்சையும். அலை பெரிசில்லை. இவர் கனநேரம் பாத்துக் கொண்டிருந்திட்டு, "உது என்ன கடல் தெரியுமே?" எண்டார்.

"கரிபியன் எண்டு பிள்ளை சொன்னவள்."
"அது அந்தப் பக்கம். இந்தப் பக்கக் கரைக்கு வாறது அத்திலாந்திக்."
"அதுக்கு?"

மண்ணிலை விரலாலை கீறிக் காட்டினார். ஒரு வட்டம். "உது எங்கடை ஏரி." வட்டத்திலையிருந்து ஒரு நீளக் கோடு. "ஏரி நிண்ட தண்ணியில்லை. ஒரு பக்கத்தாலை ஆறாப் போகுது. கிங்ஸ்ரன், மொன்றியல், கியூபெக் எல்லாம் தாண்டி." கோடு என்ரை கால்மட்டும் வந்திட்டுது. "அது போய் விழுறது இதுக்குள்ளை."

அந்த அக்கா சொன்னதை இவர் மறக்கேல்லை. எனக்கு மட்டும்தான் குத்தினது எண்டு இருந்தனான்.

"பிறேக் நேரத்திலை போனிலை உலகப் படம் பாத்துப் பாத்துக் கண்டுபிடிச்சனான்," எண்டார். "இந்த இடம் தர்சி எடுத்தது எண்டோ நினைச்சனீர்? அவள் வேறை எங்கையோ எடுக்கப் பாத்தவள். நான்தான் இந்தக் கரை வேணும் எண்டு சொன்னனான். ஏன் எண்டு அவளுக்குச் சொல்லேல்லை."

இப்பிடி ஒரு மனுசனுக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறனே எண்டு கிடந்தது. கடலைப் பாத்துக் கொண்டுதான் சொன்னன். அவற்றை முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது.

"இஞ்சாருங்கோ. அண்டைக்கு அவன் தன்ரை பாட்டிலை வெளிக்கிடேல்லை. நான்தான் போன் பண்ணி வரச் சொன்னனான். இடியப்பம் ஆறுது எண்டு. சினோ எண்டு சொன்னவன். நான் கேக்கேல்லை."

நான் எண்ணிக் கொண்டிருந்தன், ஆறு அலை வந்தது.

"எனக்குத் தெரியும்."

"என்னண்டு?"

"அவன்ரை போன் பில் என்ரை பேரிலையெல்லோ வாறது. அதிலை எங்கடை வீட்டு நம்பர். 6.10. நாலு நிமிசம்."

"அப்ப பதினாலு மாசமாத் தெரியுமோ?"

"பதின்மூண்டு. பில் பிந்தித்தான் வந்தது."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டு?"

"கோவமில்லையோ என்னிலை?"

கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினார். பொய் சொல்லத் தெரியாது இவருக்கு. "முதல் கோவம். சரியான கோவம். வாயைத் திறந்தால் அதுதான் வரும் எண்டு பயந்துதான் நைற் ஷிஃப்ற் கேட்டு எடுத்தனான். பேந்து கோவம் போயிட்டுது. ஷிஃப்ற்றை என்னண்டு மாத்துறது எண்டுதான் தெரியேல்லை."

அதைக் கேட்டு நான் அழுதன். சத்தமாத்தான். தூரத்திலை இருந்த ஒரு வெள்ளைக்கார மனுசி எழும்பிப் பாத்தவ. இவர் என்ரை சால் தொங்கலை எடுத்து என்ரை முகத்தைத் துடைச்சு விட்டார், சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி மூக்கையும் சேத்து.

"நீர் கூப்பிடாட்டி நான் கூப்பிட்டிருப்பன்," எண்டார். "கஜன் இடியப்பம் எண்டால் எங்கை நிண்டாலும் வருவான்."

பேரைச் சொன்னார். வீட்டிலை ஒருத்தரும் பேரைச் சொல்லுறேல்லை. நானும் இந்தக் கொப்பியிலைகூட எழுதேல்லை. கஜன்.

"தர்சி, தான் மறிக்கேல்லை எண்டு சாகிறாள்," எண்டன்.
"ஓம். அவளுக்குச் சொல்ல வேணும்."
"போனிலை ஏலாது."
"போனிலை வேண்டாம். போய் இறங்கி நாங்கள் ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவம்."

நாங்கள் எண்டார்.

அவள் என்ன சொல்லுவாளோ. என்னோடை கதைக்காமல் விடுவாளோ. அதுவும் கிடக்கு. ஆனால் அவள் தன்னைத்தானே குற்றம் சொல்லுறது நிக்கும்.

பிறகு எழும்பி, "வாரும்" எண்டு கையை நீட்டினார். சுடிதாரோடை இறங்கினன். முழங்கால், துடை, இடுப்பு. தண்ணி இளஞ்சூடு, இவ்வளவு இளஞ்சூடா இருக்கும் எண்டு நான் நினைக்கேல்லை. சால் மிதந்து போய் இவற்றை கழுத்திலை சுத்தினது. ரெண்டு கையாலையும் தண்ணியை அள்ளினன். அள்ளிக் கொஞ்ச நேரம் வைச்சிருந்திட்டு விட்டன். இவரும் அள்ளினார்.

வரேக்கை ஈர உடுப்போடை லிஃப்றிலை. ஒரு குமரி எங்களைப் பாத்துச் சிரிச்சவள். "ஸ்விம்மிங்" எண்டார் இவர், பெரிய ஆள் மாதிரி.

தண்ணிச் சத்தம் நிண்டிட்டுது.

பெப். 12, வியாழன். காலமை 8 மணி

வெயில். காத்து. ஸ்காபரோவிலை -19 எண்டு தர்சி படம் போட்டு அனுப்பியிருக்கிறாள், எங்கடை வாசல் மூடிப் போய்க் கிடக்கு. "ஈற்றிங் வெல்லா?" எண்டு கேட்டிருக்கிறாள்.

ராத்திரிச் சாப்பாடு: சோறு இருந்தது. கறுப்புப் பயறு மாதிரி ஒண்டு போட்டு அவிச்சது. இவர் மூண்டு கோப்பை. நான் பையிலையிருந்து மோர்மிளகாய் எடுத்துக் குடுக்க, பக்கத்து மேசைக் கிழவர் கேட்டு வாங்கிக் கடிச்சிட்டு, கண்ணாலை தண்ணி வரக் கைதட்டினார். றைஸ் குக்கர் பெட்டிக்குள்ளையே கிடக்கு. "சொன்னனானெல்லோ" எண்டு இவர் இதுவரைக்கும் நாலு தரம் சொல்லிப் போட்டார்.

திங்கள் இஞ்சையிருந்தே ஃபக்டரிச் சுப்பவைசருக்குப் போன் பண்ணிப் பகல் ஷிஃப்ற் கேக்கப் போறாராம். கிடைக்குமோ தெரியாது. கேக்கட்டும்.

விடிய 6.40க்கு முழிச்சன். முழிச்சுப் பாக்கேக்கை இவர் நித்திரை. பதின்மூண்டு மாசமா இவர் நித்திரை கொள்ளுற முகத்தைக் காணேல்லை. பகலிலை நான் வேலையிலை எல்லோ. வாய் திறந்து, ஒரு கை தலகணிக்குக் கீழை. குறட்டை முந்தினதிலும் பாக்கக் கூட. பல்கனிக் கதிரை அங்கை, நிமித்தினபடி. ஒருத்தரும் படுக்கேல்லை அதிலை.

இப்ப இவர் சாப்பிடக் கீழை போயிட்டார். நான் வாறன் எண்டு சொல்லி நிண்டனான், மரீசாவுக்கு ஒரு அன்னம் செய்து மேசையிலை வைக்க. இறுக்கித்தான் சுத்தினனான். கழுத்து நிக்குது. ஒரு காது மட்டும் வந்திட்டுது, போகட்டும்.

கஜன்ரை படம் யன்னல் கரையிலை, பூவிதழ்க் கிளாசுக்குப் பக்கத்திலை.

கட்டில் போடக் கை ரெண்டு தரம் போச்சு. பெட்சீற் நுனியைப் பிடிச்சும் போட்டன். விட்டிட்டன். அவ வந்து கதவைத் திறந்த உடனை பாப்பா. சொல்லத் தேவையில்லை, பாத்தால் விளங்கும் அவவுக்கு. என்ரை பக்கம் கசங்கிக் கிடக்கு. இவற்றை பக்கமும். நடுவும்.